மருந்து ஊற்றியும் செடி வாடுவது ஏன்? சேலம், நாமக்கல் நிழல்வலைக் குடில்களில் மண்ணைக் காப்பாற்ற என்ன வழி?

நேற்று வரை பச்சைப்பசேல் என்று நின்ற தக்காளிச் செடி இன்று மதியம் தலை தொங்கிவிடுகிறது. சாயங்காலம் கொஞ்சம் நிமிர்கிறது. மறுநாள் மறுபடியும் தொங்குகிறது. நாலாவது நாள் எழுந்திருப்பதே இல்லை. அடுத்து பக்கத்துச் செடி, அதற்கு அடுத்த செடி என்று பாத்தி வரிசையிலேயே வாடல் நகர்கிறது.

அப்போது பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். உரக்கடைக்குப் போய் 'வாடலுக்கு ஒரு மருந்து குடுங்க' என்று கேட்டு, கார்பென்டாசிம் மாதிரி ஒரு பூஞ்சாணக்கொல்லியை வாங்கி வேர்ப்பக்கம் ஊற்றுவது. சில சமயம் கேட்கும். பல சமயம் கேட்காது. கேட்காவிட்டால் அளவு கூடும், அடுத்த மருந்து வரும், செலவும் ஏறும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் குடில் போட்டிருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஊரில் அப்பாவின் நிலத்தில் ஒரு குடில் போடலாமா என்று வார இறுதியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஐடி ஊழியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். காரணம், குடில் வியாபாரத்தில் லாப நஷ்டத்தை முடிவு செய்வது மேலே இருக்கும் வலையோ பாலித்தீனோ மட்டும் இல்லை. கீழே இருக்கும் மண்ணும்தான்.

இதற்கு ரசாயனம் இல்லாத மாற்று வழிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. ஆனால் 'அந்த பாட்டிலுக்குப் பதில் இந்த பாக்கெட்' என்கிற கதை அல்ல அது. எல்லாமே செடி நடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள். வாடிய பிறகு ஊற்றினால் இவையும் வேலை செய்யாது. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் 'இயற்கை மருந்தெல்லாம் சும்மா' என்ற பேச்சு வருகிறது.

குடிலுக்குள் நோய் ஏன் அதிகம்?

திறந்தவெளியில் ஒரு விவசாயி இந்த வருடம் தக்காளி, அடுத்த வருடம் சோளம், அதற்கடுத்து நிலக்கடலை என்று மாற்றலாம். குடில் போட்டவரால் அது முடியாது. தேசியத் தோட்டக்கலைத் திட்டங்களில் 50 சதவீதம் வரை மானியம் கிடைத்தாலும் மீதிப் பணம் பெரும்பாலும் கடன். சோளம் போட்டு அந்தத் தவணையைக் கட்ட முடியாது. அதனால் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி, மறுபடி தக்காளி என்று நாலைந்து பயிருக்குள்ளேயே சுழற்சி நடக்கிறது.

தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய் நான்கும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாக்கும் பல நோய்கள் மற்றதையும் தாக்கும். இடையில் வெள்ளரி போட்டால் ஓரளவு உதவும். தக்காளியை வாட்டும் பியூசேரியம் இனமும் வெள்ளரியை வாட்டும் பியூசேரியம் இனமும் வேறு வேறு. ஆனால் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா, வேர்முடிச்சு நூற்புழு ஆகியவற்றுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. இரண்டையும் சாப்பிடும்.

இதோடு குடிலுக்குள் ஈரம் எப்போதும் இருக்கிறது. மழை நேரடியாக விழுந்து மண்ணைக் கழுவுவதும் குறைவு, கோடை உழவு போட்டு வெயிலில் காயப்போடுவதும் குறைவு. பியூசேரியம் தடித்த சுவருள்ள வித்துகளாக மண்ணில் பல வருடம் தூங்கும். வேர் பக்கத்தில் வந்ததும் விழிக்கும்.

எந்த நோய் என்று தெரியாமல் மருந்து ஊற்றினால்?

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வாடல் என்பது ஒரே நோய் அல்ல. குறைந்தது நான்கு விதமான எதிரிகள் இருக்கிறார்கள்.

முதலாவது, பியூசேரியம் போன்ற பூஞ்சைகள். தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும்.

இரண்டாவது, பித்தியம், பைட்டோப்தோரா. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உயிரியல்படி இவை பூஞ்சையே அல்ல. பாசிகளுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் கார்பென்டாசிம் இவற்றின் மேல் வேலை செய்யாது. நாற்றங்காலில் தண்டு நீர்கோத்து மடிந்து விழும் நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் பித்தியம்தான்.

மூன்றாவது, ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. இதற்கு எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் கேட்காது. கண்டுபிடிக்க ஆய்வகம்கூட வேண்டாம். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் இருக்கும் கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளைக் கோடு இறங்கினால் அது பாக்டீரியா வாடல்.

நான்காவது, வேர்முடிச்சு நூற்புழு. செடியைப் பிடுங்கினால் வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கும். இது வேரில் போடும் ஓட்டை வழியாகத்தான் பல சமயம் பியூசேரியமும் ரால்ஸ்டோனியாவும் உள்ளே நுழைகின்றன. நூற்புழுவை விட்டுவிட்டு வாடலை மட்டும் துரத்துவது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனைத் தேடுகிற கதை.

பூஞ்சாணக்கொல்லிகள் மேல் என்ன புகார்?

முதல் பிரச்னை எதிர்ப்புத்திறன். கார்பென்டாசிம், மெட்டலாக்சில் போன்றவை நோய்க்கிருமியின் ஒரே ஒரு இடத்தைக் குறிவைப்பவை. அந்த இடம் மரபணு மாற்றத்தால் கொஞ்சம் மாறினால் போதும், மருந்து தோற்றுவிடும். மெட்டலாக்சில் சந்தைக்கு வந்த சில வருடங்களிலேயே, 1980 வாக்கில், ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்களில் எதிர்ப்பு காணப்பட்டது. அதே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றும் குடில் அதற்குப் பொருத்தமான இடம்.

இரண்டாவது, எச்சம். ஐரோப்பிய ஒன்றியம் மேன்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று 2020 டிசம்பரில் முடிவு செய்தது. இந்தியாவில் 2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் 27 பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லிகளைத் தடை செய்யும் வரைவு ஆணையை வெளியிட்டது. கார்பென்டாசிம், மேன்கோசெப், கேப்டான், தைரம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 2023-ல் ஆணை வந்தபோது, அந்த 27-ல் முழுத் தடை டைகோஃபால், டைனோகேப், மெத்தோமைல் ஆகிய மூன்றுக்குத்தான். கார்பென்டாசிமும் மேன்கோசெப்பும் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

மூன்றாவது, மண்ணுக்குள் இருக்கும் நல்ல உயிர்கள். வேரில் ஊற்றும் மருந்து கெட்டதை மட்டும் தேடிக் கொல்லாது. எதிரி போனதும் காலியான இடத்தில் முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்களுக்கே அந்த மண். மீண்டும் நோய்க்கிருமியே வந்தால் முன்பைவிட வேகமாகப் பரவும்.

உலகம் இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. மெத்தில் புரோமைடு என்ற வாயுவை மண்ணுக்குள் செலுத்தி எல்லா உயிரையும் கொல்வதுதான் பணக்கார நாடுகளின் குடில்களில் பல காலம் வழக்கம். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும், சில விதிவிலக்குகள் தவிர, அதைக் கைவிட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடிதான் இப்போது நாம் பேசும் மாற்று வழிகளில் பலவற்றை ஆய்வகத்திலிருந்து வயலுக்கு வேகமாகக் கொண்டுவந்தது.

சரி, முதல் மாற்று எது?

அக்னி நட்சத்திரம். சேலம், நாமக்கல்காரர்கள் திட்டித் தீர்க்கும் அதே வெயில்தான்.

மண்ணை நன்றாக உழுது, கட்டி உடைத்து, தண்ணீர் பாய்ச்சி, மெல்லிய கண்ணாடி நிறப் பாலித்தீன் விரிப்பால் இறுக்கமாக மூடி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 வாரம் விட்டுவிட வேண்டும். உள்ளே சேரும் வெப்பம் மேல்மண்ணில் இருக்கும் நோய் வித்துகள், நூற்புழு, களை விதைகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். இஸ்ரேலில் யாகோவ் கத்தான் தலைமையிலான குழு 1976-ல் இந்த முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. தமிழில் மண் வெப்பமூட்டல் என்பார்கள்.

இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கறுப்பு விரிப்பு போடுவது. கறுப்பு விரிப்பு வெயிலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், மண்ணுக்கு விடாது. இரண்டு, காய்ந்த மண்ணை மூடுவது. ஈரம் இருந்தால்தான் வெப்பம் கீழே இறங்கும். ஈரத்தில் விழித்த வித்துதான் சீக்கிரம் சாகும். மூன்று, நிழல்வலையை எடுக்காமல் செய்வது. 50 சதவீத வலை என்றால் பாதி வெயிலை மேலேயே நிறுத்திவிடுகிறது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பாலித்தீன் பசுமைக்குடில் என்றால் பக்கத் திரைகளையும் இறக்கிவிட்டால் சூடு இன்னும் ஏறும்.

'ஒரு மாசம் குடிலைச் சும்மா போட்டா யார் தவணை கட்டுறது?' என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சமவெளியில் மே மாதம் தக்காளிக்கு எப்படியும் கஷ்ட காலம். சூட்டில் பூ உதிரும், காய் பிடிப்பது குறையும். வருமானம் குறைவான அந்த மாதத்தை மண்ணுக்குக் கொடுப்பதுதான் கணக்கு.

ஜப்பானிலும் நெதர்லாந்திலும் இதற்கு ஒரு தம்பி முறை இருக்கிறது. தவிடு அல்லது பசுந்தழையை மண்ணில் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாமல் மூடுவார்கள். நுண்ணுயிர்கள் தவிட்டைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மூச்சுத் திணறலிலும் அப்போது உருவாகும் அமிலங்களிலும் நோய்க்கிருமிகள் மடியும்.

டிரைக்கோடெர்மா எப்படி வேலை செய்கிறது?

இது பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை. ரைசோக்டோனியாவின் இழைகளை டிரைக்கோடெர்மா சுற்றிவளைத்து அழிப்பதை 1932-லேயே வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். எதிரியின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் உணவையும் முந்திக்கொண்டு பிடித்துக்கொள்கிறது.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் ஒரு நல்ல பாக்டீரியா. மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தை எதிரிக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கும். செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும். கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பிஎஃப் 1 என்ற இனம் தமிழக விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர்.

பல்கலைக்கழகத்தின் தக்காளிப் பரிந்துரை இப்படி: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். நிலத்துக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ சூடோமோனாஸை 50 கிலோ தொழுஉரம், 100 கிலோ வேப்பம்புண்ணாக்குடன் கலந்து கடைசி உழவில் இடுவது. 1,000 சதுர மீட்டர் குடிலுக்குக் கணக்குப் போட்டால் கால் கிலோ சூடோமோனாஸ், 5 கிலோ தொழுஉரம், 10 கிலோ புண்ணாக்கு. இது திறந்தவெளித் தக்காளிக்கான அளவு. குடிலில் இதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் நல்ல வழி, ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 100 கிலோ மட்கிய தொழுஉரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஒரு வாரம் மூடி வைப்பது. இடையில் ஒரு முறை கிளறிவிட வேண்டும். பூஞ்சை பெருகிய பிறகு பாத்தியில் இட்டால், படை திரட்டிக்கொண்டு போகிற மாதிரி.

பிறகு ஏன் பலருக்கு இது வேலை செய்வதில்லை?

பெரிய காரணம், இரண்டையும் சேர்த்துப் போடுவது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று டிரைக்கோடெர்மா கொடுத்த அதே வாரத்தில் கார்பென்டாசிம் ஊற்றுகிறார்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். மிகக் குறைந்த அளவு கார்பென்டாசிமே அதைக் கொன்றுவிடும். பல்கலைக்கழகக் கையேட்டில் விதை நேர்த்திக்கு இரண்டும் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் நடுவில் 'அல்லது' என்று இருக்கும். அந்த ஒரு வார்த்தையைத் தவறவிட்டால் இரண்டு மருந்துக் காசும் போச்சு.

அடுத்தது சூடு. பாக்கெட்டில் இருப்பது உயிர். தகரக் கூரைக் கடையில் ஏப்ரல், மே மாதம் கிடந்த பாக்கெட்டில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும்? மத்தியப் பூச்சிக்கொல்லி வாரிய விதிப்படி ஒரு கிராம் டிரைக்கோடெர்மாவில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும். வாங்கும்போது பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, வித்து எண்ணிக்கை நான்கையும் பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, பட்டினி. அங்ககச் சத்து இல்லாத மண்ணில் இவற்றைப் போட்டால் சாப்பிட ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும். தொழுஉரம் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்காவது, வரிசை மாறுவது. டிரைக்கோடெர்மா போட்டுவிட்டு அதன் மேல் மண் வெப்பமூட்டல் செய்தால் நல்லதும் சேர்ந்து வேகும். முதலில் வெப்பம், விரிப்பை எடுத்து மண் ஆறிய பிறகு நுண்ணுயிர்.

உள்ளூரில் கிடைப்பதில் எது உதவும்?

நாமக்கல் என்றால் முட்டை. முட்டை என்றால் கோழி எரு. வண்டி வண்டியாகக் கிடைக்கும். ஆனால் பச்சையாகப் போட்டால் அதிலிருந்து வரும் அமோனியா வேரைச் சுட்டுவிடும், உப்பும் ஏறும். குடிலுக்குள் உப்பைக் கழுவ மழை இல்லை என்பதை மறக்கக் கூடாது. மட்கவைத்து, டிரைக்கோடெர்மா கலந்து போட்டால் அதே எரு நல்ல உணவு. பச்சை எருவைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் மண்ணை விரிப்பால் மூடும்போது கலக்கலாம். அங்கே அதே அமோனியா நோய்க்கிருமியைச் சுடும். விரிப்பை எடுத்து, மண்ணைக் கிளறி, வாடை போகும்வரை காத்திருந்துதான் நட வேண்டும்.

வேப்பம்புண்ணாக்கு நூற்புழுவைக் கட்டுப்படுத்தும், நல்ல நுண்ணுயிருக்கும் தீனி. கடுகுச் செடியையோ கடுகுப் புண்ணாக்கையோ ஈர மண்ணில் மடக்கி மூடினால், கடுகின் காரத்துக்குக் காரணமான அதே வாயு மண்ணுக்குள் கிருமிகளைக் கட்டுப்படுத்தும். ஒரு பருவம் செண்டுமல்லி போட்டால் அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவைக் குறைக்கும். சேலத்தில் பூவுக்குச் சந்தையும் இருக்கிறது.

பாக்டீரியா வாடலுக்கு மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. அங்கே கைகொடுப்பது ஒட்டுக்கட்டிய நாற்று. நம் ஊர் வேலியோரம் நிற்கும் சுண்டைக்காய்ச் செடியின் வேருக்கு வாடலையும் நூற்புழுவையும் தாங்கும் சக்தி உண்டு. அதன் மேல் கத்தரியை ஒட்டலாம். தக்காளியை எதிர்ப்புத்திறன் உள்ள கத்தரி வேரில் ஒட்டும் முறையைத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வெப்பநாடுகளில் பரப்பியது. நாற்றின் விலை கூடும். ஆனால் ஒருமுறை பாக்டீரியா புகுந்த மண்ணில் மலிவான நாற்று கடைசியில் மலிவாக இருக்காது.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா போதாதா?

மண்ணின் உயிர்ப்புக்கும் செடி வளர்ச்சிக்கும் இவற்றை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பிலும் இருக்கும் நுண்ணுயிர்களின் வகையும் எண்ணிக்கையும் மாறும். வாடல் பரவும் குடிலில் இதை மட்டும் நம்பி இறங்குவது ரிஸ்க். கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பருவத்துக்கு வேலை வரிசை என்ன?

ஏப்ரல் கடைசி: பழைய செடிகளை வேரோடு பிடுங்கி குடிலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். வாடிய செடியை உரக்குழியில் போட வேண்டாம்.

மே: உழவு, ஈரம், கண்ணாடி விரிப்பு, 4 முதல் 6 வாரம்.

ஜூன்: விரிப்பை எடுத்த பிறகு ஆழமாக உழ வேண்டாம், அடியில் இருக்கும் கிருமி மேலே வரும். டிரைக்கோடெர்மா பெருக்கிய தொழுஉரமும் வேப்பம்புண்ணாக்கும் மேல்மண்ணில் கலந்து மேட்டுப்பாத்தி போடுங்கள்.

நடும்போது: குழித்தட்டு நாற்று வாங்கினால் வேரைப் பாருங்கள்; வெள்ளையாக இருக்க வேண்டும். நாற்றின் வேரை சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுங்கள்.

நட்ட பிறகு: தண்ணீரை அளவாக விடுங்கள், வடிகால் முக்கியம். ஒரு குடிலில் நடந்த செருப்போடும் மண்வெட்டியோடும் அடுத்த குடிலுக்குள் போகாதீர்கள். ஒரு செடி வாடினால் முதலில் டம்ளர் சோதனை, பிறகு முடிவு.

இவ்வளவுக்கும் பிறகு நோய் கட்டுக்கு மீறிப் போனால் ரசாயனம் தேவைப்படலாம். அப்போது எந்த நோய் என்று உறுதி செய்து, அந்தப் பயிருக்குப் பதிவான மருந்தை, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கடைப்பிடித்துப் பயன்படுத்துவதுதான் முறை. மாதிரிச் செடியோடு சேலம் மாவட்டத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகலாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

இதையெல்லாம் விவசாயி மட்டும் சுமக்க முடியாது. குடில் கட்ட மானியம் கொடுக்கிற திட்டம், அதே கையோடு மண் வெப்பமூட்டலுக்கான விரிப்புக்கும் ஒட்டு நாற்றுக்கும் உதவி செய்தால், மூன்றாவது வருடம் காலியாகக் கிடக்கும் குடில்கள் குறையும். தமிழக அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. வயலில் அதற்கு அர்த்தம் வர வேண்டுமென்றால் கடையில் விற்கும் உயிரியல் பாக்கெட்டுகளின் தரத்தை அடிக்கடி எடுத்துச் சோதிக்க வேண்டும். செத்த டிரைக்கோடெர்மாவை வாங்கி ஒருமுறை ஏமாந்த விவசாயி மறுபடி கார்பென்டாசிமுக்கே திரும்பிப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

குடில் போட யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கட்டமைப்புக்கு மதிப்பீடு வாங்குவதற்கு முன்னால் அந்த இடத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், நூற்புழு இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வருடக் கணக்கில் மே மாதத்தை வருமானம் இல்லாத மாதமாகவே எழுதுங்கள். அப்படி எழுதியும் லாபம் வந்தால் அந்தத் திட்டத்தோடு வங்கிக்குப் போகலாம்.